வடக்கு தெற்கு குறித்த கட்டங்கள்

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. அவருடைய நற்குணங்களை இந்த நினைவு மலரின் மற்ற பக்கங்களில் உறவினர்கள் எழுதியிருக்கிறார்கள். அவரைச் சந்தேகித்த ஒரே ஆள் நான் என்பதால், அந்தப் பகுதியை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

அக்கா பிறந்தது சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்தில். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. பத்தாவதோடு தன் படிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் படிக்க வைத்தார். சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு, பத்தாம் ஆண்டே மாமாவைப் பறிகொடுத்தார். அதன்பின் கைத்தையல் போர்வைகள்தான் அவருக்குச் சோறு போட்டன. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையலிலேயே பூவும் அலையும் வந்துவிடும்.

அந்தப் பூவுக்கும் அலைக்கும் அச்சுத் தகடுகளை அவரே செய்துகொண்டார். பழைய எக்ஸ்ரே படங்களை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துச் சுரண்டி, கோலம்போல் வரைந்து, சூடான ஊசியால் வரிசையாக ஓட்டை போடுவார். துணிமேல் தகட்டை வைத்துச் சுண்ணப்பொடி மூட்டையால் தட்டினால் புள்ளிக்கோடு விழும். அதன்மேல் ஊசி ஓடும். அலை டிசைன் முழுவதும் அப்பாவின் முழங்கால் எக்ஸ்ரேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா டீ போட உள்ளே போனபோது, அந்தத் தகடுகளுக்கு அடியில் ஒரு தாளைப் பார்த்தேன். இருபது கட்டங்கள். நான்கு பக்கமும் திசைகள். ஒன்றைத் தவிர ஒவ்வொரு கட்டத்திலும் சித்தி, பெரியப்பா, அத்தை என்று பெயர்கள். என் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

திருவிடந்தையில் அப்பாவின் முப்பது சென்ட் நிலம் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது. எங்கள் பக்கத்தில் கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் கைக்குழந்தைகூட மனைப் பிரிவு என்றுதான் சொல்லும். அப்பா நிலத்தில் சித்திக்கு ஏது பங்கு என்று யோசிக்கும் அளவுக்கு அப்போது எனக்கு மூளை வேலை செய்யவில்லை. திருட்டுத்தனமாகப் படம் எடுத்துக்கொண்டேன். டீயைக்கூடச் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

என் நண்பன் குமார் நில அளவையாளன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மச்சான், லேஅவுட்டேதான். ஓரமா ரோடு வுட்டுகீறாங்க பாரு. காலியா கீற கட்டம் பார்க்கு."

"நானு?"

"நீ எங்கியும் இல்ல."

மறுநாள் காலை அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். அக்கா வாசலில் பஞ்சு உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, காலங்காத்தால ஆளக் கூட்டிகினு வந்துகிற? நாஸ்தா ஆச்சா?"

"அது இருக்கட்டும்க்கா. இடத்தப் பிரிக்கிறதுன்னா எனக்கு ஒரு வார்த்த சொல்லணுமா இல்லியா?"

"எந்த இடத்த?"

கைப்பேசியை நீட்டினேன். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு குமாரைப் பார்த்தார்.

"தம்பி, நீ சர்வேயரா?"

"ஆமாங்க்கா."

"இதுல அளவு இன்னா போட்டுகீது?"

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு."

"அடியா, இஞ்சா?"

குமார் தன் செருப்பைப் பார்த்தான். "அப்ப திசை எதுக்குக்கா?" என்றான்.

"நீ வடக்கால தல வச்சிப் படுப்பியா? கால் பக்கந்தான் அல ஓடணும். தையல் போட்டப்புறம் திருப்ப முடியுமா?"

உள்ளேயிருந்து பாதி இணைத்த போர்வையைக் கொண்டுவந்து விரித்தார். சித்தியின் சேலை, பெரியப்பாவின் துண்டு, அத்தையின் ரவிக்கை என்று அவரவர் துணி அவரவர் கட்டத்தில் இருந்தது. குமார் சொன்ன ரோடு, அலை ஓடவேண்டிய பட்டை.

"உன்கிட்ட மூணு தபா கேட்டேன். பழைய சட்டையே இல்லன்ன. நான் இன்னா பண்ணட்டும், கட்டத்தக் காலியா வுட்டேன்."

கேட்டது உண்மை. பழைய சட்டையை வைத்து எனக்கு ஏதோ செய்வினை வைக்கப் போகிறார் என்று பயந்து, நான்கு சட்டைகளைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். அதை அக்கா என் முகத்தில் படித்துவிட்டார்.

"இப்ப போட்டுகினு கீறியே, அது பழசுதான? கழட்டு."

இ.சி.ஆர். சாலை முழுக்க பனியனோடு வண்டி ஓட்டிவந்தேன். பார்க்கில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பின்னாலிருந்து குமார் சிரித்துக்கொண்டே வந்தான்.

மற்ற கட்டங்களை முடிக்கும்போதே அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் அவர் விரலில் ஊசி நிற்கவில்லை. என் கட்டம்தான் பாக்கி. தகட்டை வைத்துப் பொடி தட்டி, நானே தைத்தேன். மாலையில் அக்கா தையல்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "பிரி" என்பார். மூன்று நாள் தைத்தேன், மூன்று நாளும் பிரித்தேன். நான்காம் நாள் முன்னைவிடக் கோணலாக வந்திருந்தது. அக்கா விரலை ஓட்டினார். ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். கோணல் தெரிந்தும் பிரிக்கச் சொல்லவில்லையே என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

என் வாழ்நாளில் நான் பட்ட சந்தேகங்களில் சரியாகிப்போனது அது ஒன்றுதான்.

துணி தந்த உறவினர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் கார் எடுத்து வந்த குமாருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அக்கா போன அந்த மாலை, "சிஸ்டர், எங்க அக்கா பிரின்னு சொல்லல" என்று உளறிக்கொண்டு போய் நின்ற என்னை ஒரு கேள்வியும் கேட்காமல், எழுந்து கூடவே ஓடிவந்த செவிலியருக்கும் எங்கள் நன்றி.