ஒரே நாளில் இரண்டு தரம் ஏறிய மலை

இந்த வாரப் பத்தியைக் கட்டிலில் இருந்தபடியே எழுதுகிறேன். இரண்டு முழங்காலிலும் தைலம். வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இருக்கிறது. ஆனால் அந்த லிப்ட் வரை போவதற்கு யார் என்னைத் தூக்குவது?

ஆனாலும் சொல்லிவிடுகிறேன் — போன சனிக்கிழமை நான் ஒரு மலையில் ஏறினேன். ஒரு தரமல்ல... இரண்டு தரம்! அதே மலை, அதே நாள். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. கைதட்ட விரும்புகிறவர்கள் தட்டலாம், நான் தடுக்க மாட்டேன்.

"நீர் கோயில் படியிலயே மூச்சு வாங்கிற ஆள். மலையோ?" என்று சிரித்து வழியனுப்பிய என் கணவர் இப்போது வாயே திறக்கிறாரில்லை. பாலில்லாத பிளேன்டித் தேநீர் போட்டுக் கட்டிலடிக்கே கொண்டுவந்து தருகிறார். முப்பத்துமூன்று வருடக் கல்யாணத்தில் இப்படியொரு காட்சியை நான் கண்டதில்லை.

முதல் தரம் ஏறியது ஆசையில். இரண்டாம் தரம் ஏறியது வெட்கத்தில். அந்த வெட்கத்தையும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லத்தானே வேண்டும்?

எங்கள் கடற்கரை நடைக் கோஷ்டியை உங்களுக்குத் தெரியும். காலையில் மறீன் டிரைவில் நடப்போம். ஞாயிறென்றால் கரையில் கிடக்கும் குப்பை பொறுக்குவோம். குப்பை கிடக்கும்போது ஒரு படம், அள்ளிய பிறகு ஒரு படம். 'முன்', 'பின்' என்று பேஸ்புக்கில் போடுவோம். நல்ல காரியம் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளம்பரமும் வேண்டாமா?

இந்தக் கோஷ்டியில் ஃபரீனா இருக்கிறாள். கிருலப்பனையில் பார்மசி நடத்துகிறாள். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம்தான் சொந்த ஊர். அவள் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாளாம், தங்கள் தோட்டத்துக்கு மேலே காட்டுக்குள் ஒரு பிளேன் கிடக்கிறதென்று. உலக யுத்த காலத்தில் மூடுபனிக்குள் வழிதவறிப் பாறையில் மோதிய சின்ன யுத்த விமானம். உள்ளே இருந்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். உடல்களைப் பிறகு கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். விமானத்தைக் கொண்டுபோக யாரும் வரவில்லை.

போவோமா என்றாள் ஃபரீனா. பத்துப் பேர் கையைத் தூக்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்றே பேர். ஃபரீனா, நான், பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் கணக்கு மாஸ்டர். எழுபது தாண்டிவிட்டது. ஐம்பத்தொன்பது வயதுக்காரியான என்னை இந்த உலகத்தில் இன்னும் "பிள்ளை" என்று கூப்பிடுகிற ஒரே மனிதர். அதற்காகவே எங்கே போனாலும் அவரையும் கூட்டிப்போவேன்.

ஹட்டனில் இறங்கி வேன் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் வழி கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஏனென்று போகப் போக விளங்கும்.

சனிக்கிழமை விடியற்காலையில் காட்டோரம் வரை எங்களைக் கூட்டிப்போனவள் புஷ்பம். பார்மசிப் பெண்ணின் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும், கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கு அன்று வேலைநாள், கூட வர முடியாது. பாதை நெடுக மரங்களில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், அதைப் பார்த்துப் போனால் தவற மாட்டீர்கள் என்றாள். போகத் திரும்பியவள் நின்று, என் கையைப் பிடித்தாள்.

"மேல இருக்கிறது எதையும் தொடாதீங்கம்மா. இருக்கிறது இருக்கிற எடத்திலயே இருக்கட்டும். அதுக்கு மட்டும் எனக்கு வாக்குக் குடுத்துட்டுப் போங்க."

"ஓம் புஷ்பம். ஒண்டையும் தொடமாட்டம். நான் பொறுப்பு," என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன கஞ்சத்தனம்?

இரண்டரை மணித்தியாலம். அட்டைக்கு உப்பும் தேசிக்காய்ச் சாறும் பூசிக்கொண்டு போனோம். அட்டைகள் அதை ஊறுகாய் என்று நினைத்திருக்க வேண்டும். மாஸ்டர் முன்னால், நான் நடுவில், என்னைத் தள்ளிக்கொண்டு ஃபரீனா பின்னால். "இன்னும் எவ்வளவு?" என்று நான் கேட்டதை மட்டும் எண்ணியிருந்தால் ஒரு கொப்பி நிறைந்திருக்கும்.

பிறகு... திடீரென்று மரங்களுக்கு நடுவே ஓர் இறக்கை.

பாசி படிந்து, பாதி மண்ணுக்குள். கொஞ்சம் தள்ளி எஞ்சின். சுற்றிவரச் சின்னச் சின்னத் தகடுகள். காற்று இல்லை, பறவைச் சத்தம்கூட இல்லை. மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். ஃபரீனா இரண்டு கைகளையும் ஏந்தித் துஆ கேட்டாள். எதற்கும் ஒரு கதை வைத்திருக்கும் எனக்கு அன்று அழுகைதான் வந்தது. இரண்டு தாய்மாருக்குத் தந்தி போயிருக்கும் அல்லவா?

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் — குப்பை! எங்களுக்கு முன் வந்துபோன வீரர்கள் விட்டுப்போனவை. நூடில்ஸ் பக்கெட், பியர் டின், பிஸ்கட் உறை. இறக்கையின் மேலேயே யாரோ ஒரு காதலன் ஆணியால் இதயம் கீறியிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, மனிசர் மௌத்தான எடத்துல செய்ற வேலையா இது?" என்றாள் ஃபரீனா.

மாஸ்டர் தன் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த இரண்டு உரப்பைகளை எடுத்தார். அந்த மனிதர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் உரப்பையோடுதான் போவார். "பிள்ளை, சும்மா போறதே? கையோட ஒரு சிரமதானம் செய்வம்."

"புஷ்பம் தொடக்கூடாதெண்டு சொன்னவ, மாஸ்டர்."

"நினைவுக்கெண்டு ஒண்டையும் எடுத்துக்கொண்டு போகாதேங்கோ எண்டுதான் சொன்னவ. குப்பையையோ சொன்னவ?"

எவ்வளவு சரியான கணக்கு! எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஃபரீனா நாலு பக்கமும் நின்று 'முன்' படங்களை எடுத்துத் தள்ளினாள். நாங்கள் குனிந்தோம்.

இறக்கையைத் தொடவில்லை. எஞ்சினைத் தொடவில்லை. அவை சரித்திரம் அல்லவா? பக்கெட், டின் எல்லாம் ஒரு பைக்குள் போயின. பிறகு காலில் குத்தும் என்று துருப்பிடித்த தகட்டுத் துண்டுகள். கம்பிகள். கண்ணாடிச் சில்லுகள். எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு மண்விளக்கு. ஒரு கல்லின் மேல் வாடிப்போன தேயிலைக் கொழுந்து. அந்தக் கல்லின் அடியில், தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் போத்தல்.

பிளாஸ்டிக் போத்தலைக் கண்டால் எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும். மூடியைத் திறந்து, தண்ணீரை மண்ணில் ஊற்றி, காலால் மிதித்துச் சப்பையாக்கிப் பைக்குள் போட்டேன். மிதித்தபோது மனதுக்கு எவ்வளவு நிம்மதி!

'பின்' படம் பளிச்சென்று வந்தது. கீழே இறங்கும்போது நாங்கள் மூவரும் பாட்டுப் பாடினோம் என்றால் நம்புவீர்களா?

மதியத்துக்கு முன் புஷ்பத்தின் வீடு இருக்கும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, வந்துவிட்டோம். புஷ்பம் காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு எங்களுக்காக றொட்டியும் சம்பலும் செய்து வைத்திருந்தாள். மாஸ்டர் பெருமையோடு இரண்டு பைகளையும் அவள் முன்னால் வைத்தார்.

"பாருங்கோ, உங்கட இடத்தைத் துப்பரவாக்கிப்போட்டு வந்திருக்கிறம்!"

புஷ்பம் ஒரு பையின் வாயைத் திறந்தாள். ஒரு தகட்டை எடுத்தாள். ஒரு விளக்கை எடுத்தாள். பிறகு அந்தச் சப்பைப் போத்தலை எடுத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல தண்ணி இருந்திச்சே... எங்கம்மா?"

"ஊத்திட்டன்," என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தித் தப்பியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"பிளேன் விழுந்தப்ப மொதல்ல ஓடினது எங்க தாத்தாவோட அப்பாங்க. ஒரு தொரைக்கு உசிரு இருந்திச்சாம். 'வாட்டர், வாட்டர்'னு கேட்டாராம். பங்களாவுல வேல செஞ்சதால அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தெரியும். ஓடைக்கு ஓடிப்போய்த் தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள... முடிஞ்சிருச்சி. சாகிற வரைக்கும் அவரு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாராம். அதுக்கப்புறம் அந்த எடத்துல தண்ணி இல்லாம ஒரு வாரம்கூட இருந்ததில்லைங்கம்மா. இப்ப நான்தான் வைக்கிறேன்."

ஃபரீனா மெதுவாக, "அல்லாஹ்வே," என்றாள்.

"இந்தத் தகடெல்லாம்?" மாஸ்டரின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அதது விழுந்த எடத்துல அப்பிடியே கிடக்குதுங்க. பழைய இரும்பு வாங்குறவங்க லொறியோட வந்து கெஞ்சியிருக்காங்க. சீனி இல்லாம பிளேன்டி குடிச்ச காலத்துலயும் இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் ஒரு ஆணியக்கூட எடுக்கலைங்க."

யோசித்துப் பாருங்கள். பசி வந்தபோதுகூட அவர்கள் தொடாததை, வயிறு நிறைந்த நாங்கள் ஒரே காலையில் வழித்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு! நான் பொறுப்பு என்று சொன்னது யார்? நான். என்னை நம்பித் தனியாக அனுப்பியது யார்? இந்தப் பெண்.

எழுந்தேன். முழங்கால் இரண்டும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. "மாஸ்டர், பையைத் தூக்குங்கோ. ஃபரீனா, அந்த 'முன்' படமெல்லாம் போனில இருக்கோ?"

"ஈக்கி அக்கா. நாலு பக்கமும் ஈக்கி! ஆனா சார்ஜ்தான் முடியப் போகுது."

"அப்ப கெதியா வா."

புஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவா? மத்தியானத்துக்கு மேல மேலெல்லாம் பனி எறங்கிருமேம்மா. ஒங்களால முடியாது."

"முடியும்," என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. அவள் பின்னேர வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்தாள்.

அந்த இரண்டாம் ஏற்றத்தைப் பற்றி நான் பெருமையடிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழைத்தூறலில் சறுக்கினேன், எழும்பினேன். ஓர் இடத்தில் நாலு காலில் போனேன். "இன்னும் எவ்வளவு?" என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. பாதி வழியில் ஓடை வந்தது. அதே போத்தலைக் கழுவி, வாயை வைத்து ஊதி ஊதி நிமிர்த்தினேன். பிளாஸ்டிக் எதிர்ப்பாளரான இந்தப் பத்தி எழுத்தாளர் ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்கு உயிர் கொடுத்த காட்சியைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்! அதில் தண்ணீர் பிடித்து, மிச்ச வழி முழுவதும் மற்ற யார் கையிலும் கொடுக்காமல் நானே சுமந்தேன்.

மேலே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஃபரீனா போனைத் திறந்தாள். மாஸ்டருக்குள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். இறக்கை நுனியிலிருந்து மூன்று அடி, அந்த வேரிலிருந்து ஒரு சாண் என்று படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் வைத்தோம். துருத் தகடு கிடந்த மண்ணில் அதன் அச்சு அப்படியே இருந்தது. தகடு போய்ப் பொருந்தியபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த எங்களுக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. விளக்குகள், கம்பிகள், சில்லுகள்...

ஒரே ஒரு துண்டு மிஞ்சியது, வட்டமான ஒரு சின்ன மூடி. படத்தைப் பெரிதாக்கித் தேடும்போதே போன் அணைந்துவிட்டது. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் அதை வாங்கி, பனிக்குள் நேராக நடந்து, ஒரு பாறை இடுக்கில் வைத்தாள். படம் அவள் மண்டைக்குள் அல்லவா இருந்தது!

வரும் வழியில் பறித்து வந்த புதுக் கொழுந்தைப் புஷ்பம் கல்லின் மேல் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தண்ணிய நீங்களே வச்சிருங்கம்மா."

வைத்தேன். மன்னிப்பும் கேட்டேன். வாய்விட்டு, தமிழில்தான். "ஒண்டும் நினையாதேங்கோ தம்பி, தெரியாமல் ஊத்திட்டன்." அந்தப் பையனுக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இறங்கும்போது நூடில்ஸ் பக்கெட்டும் பியர் டின்னும் மட்டும் பையில் இருந்தன. இருட்டுவதற்கு முன் லயத்தில் நின்றோம். புஷ்பம் என் காலைச் சுடுதண்ணீரில் வைத்துவிட்டு, "அடுத்த தடவை நீங்க தனியாவே போகலாம்மா," என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் யார் தரப்போகிறார்கள்? எங்கள் வீட்டு மனிதர் தருவாரா?

அடுத்த நாள் காலையில், கொழும்புக்குப் புறப்படுமுன், ஃபரீனாவின் போன் சார்ஜ் ஏறியதும் புஷ்பத்திடம் கேட்டுவிட்டு 'முன்' படம் ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டோம். ஊரின் பெயர் போடவில்லை. பளிச்சென்றிருந்த அந்தப் 'பின்' படத்தை அழித்துவிட்டோம்.

கருத்துகள் குவிகின்றன. "இவ்வளவு துரு கிடக்கிறதே, பொறுக்கவில்லையா?" என்று ஒருவர். "அந்தப் பிளாஸ்டிக் போத்தலையாவது எடுத்திருக்கலாமே, மேடம்?" என்று இன்னொருவர்.

கட்டிலில் கிடந்தபடியே பதில் போட்டேன்: "அது எங்களுடையதில்லை, தம்பி. ஒருவர் கேட்ட தண்ணீர்."