தாடைக்கடியில் ஒரு கீறல்

ஆட்டின் தாடைக்கடியில், இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, மெல்லிய தசை ஒன்று தொட்டில் மாதிரி நாக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். மைலோஹையாய்டு என்று பெயர். அதை ஒட்டி டைகாஸ்ட்ரிக், வாயைத் திறக்கிற தசை. கால்நடை மருத்துவம் முதலாண்டில் இவ்விரண்டையும் கிழிக்காமல் பிரித்துக் காட்ட வேண்டும். நாலு பேருக்கு ஒரு தலை. நாங்களே கொண்டுவர வேண்டும்.

தலை என் பொறுப்பு என்றேன். எங்கிருந்து என்று சொல்லவில்லை. என் உம்மா தாராவியில் ஆட்டுத்தலையும் காலும் சுட்டுச் சுத்தம் செய்து விற்கிறவள். "பரீட்சைக்கு நல்லதா ஒரு தல வேணும் உம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

தேர்வன்று காலை மாஹிமில் ரயிலேறி, உம்மாவே கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தோழிகள் பையைப் பிரித்தார்கள். முடி ஒன்றில்லாமல் சுட்டு, மஞ்சள் தடவி, தாடைக்கடியில் நீளமாகக் கீறி, நாக்கைத் தனியே எடுத்துக் கழுவி வைத்திருந்தாள். ரொம்ப வேண்டியவர்களுக்குத்தான் அப்படிச் செய்து கொடுப்பாள். எங்களுக்கு வேண்டிய தசை இரண்டாகக் கிடந்தது.

ஒருத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, யார் இந்தம்மா என்று ஹிந்தியில் கேட்டாள். கடைக்காரம்மா என்றேன். கத்தி வைக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் கெடுத்துவிட்டாள் என்றும் சொன்னேன். அதுவும் பொய்.

உம்மாவுக்கு ஹிந்தி நன்றாகப் புரியும். என் முகத்தைப் பார்த்தாள். "கல்தி ஹோ கயா, டாக்டர் மேடம்" என்றாள், தப்பு தன்னுடையதுதான் என்று. பையை வாங்கிக்கொண்டு போய், தேர்வு தொடங்குமுன் கத்திபடாத இன்னொரு தலையோடு வந்தாள். அன்று டைகாஸ்ட்ரிக்கைப் பிசிறில்லாமல் பிரித்தவள் நான்தான். ஆசிரியர் பாராட்டினார். வெட்கங்கெட்டு அதில் சந்தோஷம்கூடப் பட்டேன்.

வீட்டில் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது செம்பூரில் சின்னதாக க்ளினிக் வைத்திருக்கிறேன். போன வாரம் உம்மா முதல்முறையாக அங்கே வந்தாள், கடைப்பக்கம் அடிபட்டுக் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு. வெளியே நாய்களோடு சிலர் காத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் யார் நீங்கள் என்று கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"கடக்காரம்மா வந்திருக்கேன்னு சொல்லும்மா. டாக்டருக்குத் தெரியும்."

கையுறையைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தேன். "உம்மா, உள்ள வாங்க" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காத்திருந்தவர்களைத்தான் முதலில் பார்த்தாள்.