ஹானுக்குப் பிறகு வந்த சண்டை

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் இருக்கும்போது ஒரு போன். பக்கத்து வீட்டு மெய்லிங். அன்றைக்கு அவளுக்கு லீவு. பார்க்கில் என் மாமனாரும் அவள் அப்பாவும் சண்டை போடுகிறார்களாம், உடனே வரச் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டையா... எந்த பாஷையில்?

மாமாவுக்குக் கோபிச்செட்டிபாளையத்துத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரியும். மெய்லிங்கின் அப்பாவுக்குச் சீன மொழி மட்டும்தான். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கு, இந்த ஃப்ரீமாண்ட் ஊருக்கு வந்த இருவரும் தினமும் காலையில் பார்க்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சிரித்து, தலையாட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். அவ்வளவுதான் பழக்கம்.

மாமா ரிட்டயர்டு சரித்திர வாத்தியார். அத்தை தவறிப்போன பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாமென்று நாங்கள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தோம். வந்த நாளாய் ஒரே பேச்சு — "பேச ஒரு ஆளில்ல அம்மிணி. டிக்கெட்ட முன்னால மாத்திக் குடுத்துருங்க." என் கணவருக்கோ ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலை தலைக்கு மேல். எனக்கும் ஆபீஸ். 'இருங்க மாமா' என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஃப்ரீவேயில் பறந்து போய்ச் சேர்ந்தேன். பெஞ்சின் இந்த முனையில் மாமா, முகம் சிவந்துபோய். அந்த முனையில் சீனப் பெரியவர், கையை ஆட்டியபடி. நடுவில் மெய்லிங், பாவம்.

"என்ன மாமா, என்னாச்சுங்க?"

"சைனாவான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனாரு. பள்ளிக்கூடத்துல நடத்துன பாடமாச்சேன்னு அவுங்க ராஜ வம்சத்தையெல்லாம் வரிசையாச் சொன்னேன். ஷாங், சௌ, சின், ஹான்... மனுசன் கொழந்தையாட்டம் கை தட்டுறாரு! அடுத்தது டாங்குன்னேன். அவ்ளோதான். 'வெய்'ங்கறாரு, 'ஷூ'ங்கறாரு, 'வூ'ங்கறாரு... நாயத் தொரத்தற மாதிரி! சரித்திரம் சொன்னதுக்கு என்னைய வெய்யறதா?"

எங்கள் பக்கத்தில் வெய்வது என்றால் திட்டுவது.

மாமா சொன்னதை மெய்லிங்கிடம் சொன்னேன். அவள் அப்பாவிடம் கேட்டாள். அவர் நீளமாக ஏதோ பேசினார். மெய்லிங் அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

ஹான் வம்சம் விழுந்ததும் டாங் வரவில்லையாம். சீனா மூன்று ராஜ்ஜியமாக உடைந்ததாம். அவற்றின் பெயர்கள் — வெய், ஷூ, வூ! அதற்கப்புறமும் யார் யாரோ ஆண்டு, டாங் வருவதற்குச் சில நூறு வருஷம் ஆகிவிட்டதாம். மாமா அத்தனையையும் ஒரே தாவாகத் தாவிவிட்டார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

விளக்கிச் சொன்னேன். மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார். ராத்திரி சாப்பிட்ட கையோடு படுக்கப் போய்விட்டார். "சரிதான்... ஏர்லைன்ஸுக்குப் போன் பண்ணிடுங்க" என்றேன் கணவரிடம்.

மறுநாள் காலை கிச்சனில் சத்தம். மாமாவே காபி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு டம்ளர்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"பார்க்குக்குத்தான். அந்த மனுசங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டரோணும்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம்... அந்த மூணுல யாரு செயிச்சாங்கன்னும் தெரியோணுமல்ல?"

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "மூணு பேருமே இல்லீயாம் அம்மிணி! வெய் ராஜாகிட்ட வேலை பாத்த குடும்பமே அவரைக் கவுத்துப்போட்டு, எல்லாத்தையும் சுருட்டிக்கிச்சாம்!"

"அவர் பாஷை உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதுங்க?"

"நடிச்சுக் காட்டுனாரு. நல்லா விழுகறாரு மனுசன்!"

மெய்லிங்கும் நானும் மூன்று வருஷமாக அக்கம்பக்கத்து வீடு. இரண்டு பேருக்கும் நல்ல இங்கிலீஷ் வரும். பேசியதெல்லாம் என்ன? ஹாய், பை, குப்பை வண்டி எத்தனை மணிக்கு... அவ்வளவுதான்! ஒரு பொது பாஷையும் இல்லாத இரண்டு பேர் ஒரே வாரத்தில் ஆயிரம் வருஷத்தைப் பேசித் தீர்த்துவிட்டார்கள்.

நேற்று என் கணவர் மெதுவாகக் கேட்டார். "அப்பா... டிக்கெட்டை மாத்தணும்னீங்களே?"

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான்டா சைனாவுக்குள்ள மங்கோலியர் வந்திருக்காங்க... இதுல எங்க போறது?"