அக்காவின் மேஜை ஸ்பீக்கர்

கல் குவாரி ஆபீஸில் ரேடியோ மேஜை என்றால் பதினெட்டு வருஷமாக அக்காதான். கூடப் பிறந்தவள் இல்லை. அங்கே எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவள் மைக்கைப் பிடித்தால் முரட்டு லாரிக்காரனும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவான். "வீட்ல இவர் வாயே திறக்க மாட்டாரு. ரேடியோலதான் எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை" என்று, அதே குவாரியில் கல் அள்ளும் லோடர் ஓட்டும் தன் வீட்டுக்காரரைக் கிண்டலடிப்பாள். அவர் எனக்கு மாமா.

வெடிச் சத்தம் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மேனேஜருக்குத் தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். கம்ப்யூட்டருக்கு வைக்கிற, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களை ரேடியோவில் இணைத்துக் கொடுத்தேன். நன்றாகக் கேட்கட்டுமே என்று அவள் முகத்துக்கு நேராக வைத்தேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. ஆன்டெனா வயரும் அதே மேஜை மேல்தான் போகிறது. அவள் பேசுகிற பட்டனை அழுத்தினால் போதும், ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலையை ஸ்பீக்கர் வயர் வாங்கிக்கொண்டு வீல் வீலென்று அலறும்.

ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, வயரில் அலையைத் தடுக்கும் ஒரு கருப்பு வளையம் மாட்டினால் அடங்கிவிடும். "நாளைக்கு மாட்டிடறேன்க்கா" என்று நாலு மாதம் சொன்னேன். அதற்குள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசும் முன் ஸ்பீக்கரின் சத்தக் குமிழை அடியோடு குறைப்பாள்; பேசி முடித்ததும் கூட்டுவாள். ஒருமுறை கூட்ட மறந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

வெடி வைக்கிறவரிடம் வாக்கிடாக்கி கிடையாது. ரேடியோ அலை பட்டு வெடி தானாகப் பற்றிக்கொள்ளும் என்ற பயம். அவருக்கு வயர் போன்தான். வெடிக்கு முன் அக்கா ரேடியோவில் "கீழ யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்பாள். பதில் வராவிட்டால் குழியில் ஆள் இல்லை என்று அர்த்தம். எங்கள் குவாரியில் அதுதான் வழக்கம், நாசமாய்ப் போன வழக்கம்.

அன்று காலை ஒருவழியாக வளையத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தேன். அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "யாரும் இல்ல. வெடிக்கலாம்."

குமிழ் அடியில் இருந்தது. ஓடிப்போய்த் திருகினேன்.

"...மூணு தடவை சொல்லிட்டேன், வண்டி ஸ்டார்ட் ஆகல, நான் இன்னும் கீழதான் இருக்கேன். காதுல விழுதா இல்லையா?" மாமாவின் குரல்.

அக்கா மறுபடி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெடிக்காரர் வெடிப் பட்டனை அழுத்தப் போயிருந்தார். போனை எறிந்துவிட்டு மைக்கைப் பிடித்து, "ஓடுங்க! வண்டிய விட்டுட்டு ஓடுங்க!" என்று கத்தினாள். ஸ்பீக்கரும் கூடவே அலறியது. அதற்குள் வெளியே வெடி வெடித்து, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவள் பட்டனை விட்டாள். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். குனிந்து அதன் மேல் காதை வைத்துக்கொண்டாள்.

"சத்தத்தக் கூட்டுடா," என்றாள். "அவர் ஏதோ சொல்றாரு."

நான் குமிழைக் கடைசி வரை திருகியிருந்தேன்.