கோடு போட்ட விலை

சாவிக்கொத்து ஒன்றைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, முகர்ந்தும் பார்த்துவிட்டு ஆறுமுகசாமி கண்ணை மூடிக்கொள்கிறார். பெயர் வரப்போகிறது என்று அர்த்தம். அப்போது யாரும் பேசக்கூடாது, மின்விசிறிகூடச் சத்தம் போடக்கூடாது. அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "பரம்பரைச் சாவித் தோழன்" என்கிறார். நான்கு ரூபாய்த் தகரம் அது. காலையில்தான் மூட்டையில் வந்து இறங்கியது.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது அந்த இணையக் கடை. கேட்கிற பெயரையும் படத்தையும் பனியன், துணிப்பை, காபிக் கோப்பை என்று எதில் வேண்டுமானாலும் அச்சடித்து வீட்டுக்கே அனுப்புவார்கள். முதலாளி ஹேமந்த்துக்கு வயது இருபத்தெட்டு. பொருளுக்குப் பெயர் வைப்பது, வர்ணனை எழுதுவது, விலை போடுவது மூன்றும் ஆறுமுகசாமியின் இலாகா. ஹனூர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தெட்டு, எந்நேரமும் முழுக்கைச் சட்டை. நான் துணிப்பை அடிக்கப் போய்ப் பழக்கமானவன். என் பைக்கு அவர் வைத்த பெயர் 'சாமுண்டி மலை இளங்காற்று'. முதல் முறை நனைத்ததும் இளங்காற்று ஒரு முழம் சுருங்கிவிட்டது. அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

சாயம் தவறிப் பழுப்பாகிப் போன நூறு பனியன்களை 'தசரா அந்தி' என்று பெயரிட்டு இரண்டே வாரத்தில் விற்றவர் அவர். எல்லா வர்ணனையிலும் 'கைவினை' என்ற சொல் இருக்கும். இயந்திரம்தானே அச்சடிக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். "பட்டனக் கையிலதானுங்க அமுத்தறோம்? அப்பறமென்ன?" என்றார். 

விலை போடுவதைப் பார்க்க வேண்டும். குறுக்கே கோடு போட்டு அடித்துக் காட்டுகிற பழைய விலையைத்தான் முதலில் யோசிப்பார். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். விற்கிற விலைக்கு ஒரு நொடி போதும். "சும்னே கோடு போடறதில்லீங்க. எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சாத்தான் மனுசன் வாங்குவான்" என்பார், கன்னடம் கலந்து. அந்தப் பழைய விலைக்கு இந்தப் பூமியில் ஒருவரும் எதையும் வாங்கியதில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஊரில் எல்லா விலைக்கும் மேலே ஒரு கோடு இருப்பதாக அவர் மனதார நம்புகிறார். மார்க்கெட்டில் பீன்ஸுக்கு மூன்று ரூபாய் குறைக்க முக்கால் மணி நேரம் நிற்பார். தன் கல்யாணத்திலேயே நாதஸ்வரக்காரரிடம், இரண்டு பாட்டைக் குறைத்துக்கொண்டு அதற்கேற்ற விலை சொல்லுங்கள் என்று பேரம் பேசியவர். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி.

அவருக்கு இன்னொரு பலவீனம் உண்டு. திரையில் ஒரு பெட்டி காலியாக இருந்தால் பொறுக்காது. "காலியா உட்டா மனசு கேக்க மாட்டீங்குதுங்க, எதையாச்சும் போட்டுப்புடணும்." கோப்பையில் அச்சடிக்க வேண்டிய பெயரை வாடிக்கையாளர் எழுதுவதற்கு ஒரு பெட்டி உண்டு. அதிலும் மாதிரிக்கு ஒரு பெயரை இவரே போட்டு வைத்திருந்தார். மனைவியின் பெயர். பாக்கியலட்சுமி.

குண்டலுபேட்டையில் ஒரு குடும்பம் கிரகப்பிரவேசத்துக்கு இருநூறு கோப்பை கேட்டது. அண்ணன் பெயர் முதலில் வருவதா தம்பி பெயர் முதலில் வருவதா என்று அவர்கள் வீட்டில் சண்டை. முடிவானதும் போனில் சொல்லலாம் என்று பெட்டியைத் தொடாமலே ஆர்டரை அனுப்பிவிட்டார்கள். பெட்டிதான் நிரம்பியிருக்கிறதே என்று ஆறுமுகசாமி அச்சுக்கு அனுப்பிவிட்டார். பொன்னிற ஓரம் போட்டு, அழகான கன்னட எழுத்தில், இருநூறு பாக்கியலட்சுமிகள் வந்து இறங்கினார்கள்.

"ஏன்ரீ இது?", என்னய்யா இது, என்று கேட்ட ஹேமந்த் அதற்கு மேல் கத்தவில்லை. வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் இருநூறும் விற்றாக வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அமைதியாகக் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனான். பன்னிரண்டு நாள் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில், பெயர் வைக்க மட்டும் தெரிந்த ஒருவருக்கு இன்னொரு வேலை யார் தருவார்கள்? 

அவர் கண்ணை மூடினார். 'சுபமங்கள லட்சுமி கோப்பை' என்றார். நோன்புக்கு வரும் சுமங்கலிகளுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கலாம். விலை 699, குறுக்கே ஒரு கோடு, கீழே 149. அந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வந்த பாக்கியலட்சுமி மாடியேறி வந்தார். நஞ்சன்கூட்டில் ஒரு ஆலையில் பாக்கிங் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். வரிசையாக இருந்த கோப்பைகளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன கோடு?"

"அது தள்ளுபடி புள்ள."

"ஊரு சாமானுக்கெல்லாம் போடுங்க, நான் கேக்கல. எம்பேர எழுதி வெச்சு, அதுங்கீழ வெலையக் கோடு போட்டு அடிக்காதீங்க. ஒரே வெலையாப் போடுங்க."

"கோடு போடலீன்னா ஒருத்தரும் தொட மாட்டாங்க. வேல போயிரும்."

"அப்பறம் பக்கம் பக்கமா எழுதறீங்களே, அது எதுக்கு?"

காய்ப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

 பிறகு ஆறுமுகசாமி, நான் அதுவரை பார்த்திராத ஒரு காரியம் செய்தார். ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் தெருமுனைக் காபிக் கடையில் கொதிக்கக் கொதிக்கக் காபி வாங்கி வந்தார். பிடி சுடுகிறதா என்று பார்த்தார். குடித்துவிட்டு நாலு முறை தேய்த்துக் கழுவி, எழுத்து போகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பழைய வர்ணனை முழுவதையும் அழித்துவிட்டு எழுதினார்: 'சூடு தாங்கும். பிடி சுடாது. கழுவினால் எழுத்து போகாது. ஒரு டம்ளர் காபி பிடிக்கும்.' கைவினை என்று எழுதவில்லை. விலை 249. கோடு இல்லை.

இரண்டு நாள் ஒன்றுகூடப் போகவில்லை. மனிதர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். மூன்றாம் நாள் ஆறு போனது. அதை வாங்கிய ஒரு அம்மாள், 'இதில் எழுதியிருப்பதை நம்பலாம்' என்று கீழே குறிப்புப் போட, பிறகு பத்தும் இருபதுமாகப் போயின. நோன்புக்கு முந்தின நாள் மதியம் மீதி பதினொன்று.

நான்கு மணிக்கு ஹேமந்த் வந்தான். பதினொன்றுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம், பாதி விலைக்குக் கூப்பன் போட்டுத் தள்ளிவிடுங்கள், ஆறு மணிக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்றான். ஆறுமுகசாமி கூப்பன் எண்ணைத் தயார் செய்தார். அதை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்புவதற்கு ஒரு பொத்தானைத்தான் தட்ட வேண்டும். தட்டவில்லை. ஐந்தே முக்கால் வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆர்டரும் வரவில்லை.

பிறகு தன் சொந்தப் போனை எடுத்து, தங்கள் கடையையே வாடிக்கையாளர் மாதிரி திறந்தார். எண்ணிக்கை என்ற இடத்தில் பதினொன்று என்று போட்டார். முகவரிக்குத் தன் வீட்டு முகவரி. அடுத்த பக்கத்தில், 'கூப்பன் இருந்தால் இங்கே எழுதவும்' என்று ஒரு பெட்டி காலியாக நின்றது.

"சாமி, நீங்களே பண்ணின கூப்பன்தானே? போட்டுக்கோங்க, பாதி மிச்சம்" என்றேன்.

 அவர் அந்தப் பெட்டியைக் காலியாகவே விட்டுவிட்டு, முழு விலையையும் கட்டினார்.