போர்டு வந்தும் சொல்லாத அந்த வாரம்

சூடாகும் சர்க்யூட் போர்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு. மழைக்காக ஜன்னலைச் சாத்திவிட்டால் அது சட்டையிலேயே ஏறிக்கொள்ளும்...

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே லேப்டாப் சர்வீஸ் கடை. அங்கேதான் என் முதல் வேலை.

ஒரு சனிக்கிழமை மதியம் ஜெசிந்தா டீச்சர் மாடியேறி வந்தார். பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், வீடு கீழ்க்கட்டளை. என் வயதுதான் இருக்கும்.

"ஆன் ஆகவே மாட்டேங்குது சார். எம்.எட். தீசிஸ் இதுலதான் இருக்கு. அடுத்த மாசம் குடுக்கணும்."

மதர்போர்டு போயிருந்தது. நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. தீசிஸை ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன்.

"புதுசே வாங்கிடலாமே டீச்சர்?"

"வேணாம் சார். இந்த கீபோர்டு கைக்குப் பழகிடுச்சு."

அந்தக் காலத்து லேப்டாப்பில் ப்ராசஸரைத் தனியே கழற்றலாம். வேறு போர்டு போட்டால், ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் பொருந்த வேண்டும். சாக்கெட் பொருந்தினாலும், போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸ் அந்த ப்ராசஸரை ஏற்க வேண்டும். ஒரே மாடலிலேயே இரண்டு மூன்று வகை போர்டு வரும்.

அடுத்த சனிக்கிழமை, அவர் கண்ணெதிரிலேயே முதல் போர்டைப் போட்டுப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

ப்ராசஸரைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இவ்ளோண்டுதானா? இதுக்கா இவ்ளோ பிகு பண்ணுது!" என்று சிரித்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். போர்டு வரவில்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதியதையெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நான் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தேன்...

செவ்வாய்க்கிழமை சரியான போர்டு வந்தது. ப்ராசஸரை வைத்து, பவர் பட்டனை அழுத்தினேன். திரை பளிச்சென்று எரிந்தது.

போனை எடுத்தேன். சொன்னால் சாயங்காலமே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் எதற்கு இங்கே வரப்போகிறார்?

"இன்னும் செக் பண்ணிட்டிருக்கேன் டீச்சர். சனிக்கிழமை வாங்க" என்றேன்.

சனிக்கிழமை வந்தவரின் முகம் வாடிப்போயிருந்தது.

"அம்மாவுக்கு நாலு நாளா காய்ச்சல் சார். பக்கத்து வீட்ல பாத்துக்கச் சொல்லிட்டு, தினமும் பிரவுசிங் சென்டர் போய் டைப் பண்ணேன். இது மட்டும் இருந்திருந்தா அம்மா பக்கத்துலயே உக்காந்து முடிச்சிருப்பேன்."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமையே ரெடி ஆயிடுச்சு டீச்சர். நான்தான் சொல்லல... சொன்னா நீங்க இன்னிக்கு வர மாட்டீங்கன்னு..."

அவர் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி வரை போனார். திரும்பினார்.

"ஒரு டீ சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே சார்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

அதன்பிறகு அவர் வரவில்லை. போன் செய்ய எனக்கு முகம் இல்லை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து வேறொரு டீச்சர் லேப்டாப்போடு வந்தார். "ஜெசிந்தா மிஸ்தான் அனுப்பினாங்க. கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்ட்டாங்க. உங்ககிட்ட குடுத்தா நல்லா பாத்துத் தருவீங்கன்னாங்க."

லேப்டாப்பை வாங்கி மேசையில் வைத்தேன்.

இப்போது எனக்குச் சேலையூரில் சொந்தக் கடை. ப்ராசஸர் போர்டோடு ஒட்டியே வருகிறது, பொருந்துமா பொருந்தாதா என்று தேடும் வேலை இல்லை. கொரியர் ஆள் வந்து லேப்டாப்பை வாங்கிப் போகிறார், கொடுத்தவர்களில் பாதி பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. "ரெடி" என்று வாட்ஸ்அப்பில் தட்டினால் முடிந்தது.

வேலை முடிந்த அந்த நிமிடமே தட்டிவிடுகிறேன்... ஒரு நாளும் தாமதித்ததில்லை. ஆனால் தட்டிய பிறகு, கொஞ்ச நேரம் அந்த லேப்டாப்பை மூட மனசு வருவதில்லை.