இரண்டு விரல் கரிசல்

டாக்டரம்மாவை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவர் முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிதான். கோவில்பட்டியில் என் சைக்கிள் கடை வாசலில் நின்று, ஒரு கையால் மலைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரி போட்ட கையால் அதன் சீட்டை அமுக்கிக் காட்டினார். பின்பக்கம் இலவம்பஞ்சு மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. "அண்ணாச்சி, இது இம்புட்டு இறங்கக் கூடாது. கொறைச்சுத் தருவீங்களா?" என்றார். "தாரேன்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் குலுக்கலைத் தாங்கும் ஷாக் வைத்த சைக்கிளை அதற்கு முன் நான் பிரித்ததே இல்லை.

அவர் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். நாகலாபுரம் பக்கத்துக் காடுகளில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மழை விழுந்து புதுப்புல் தலைகாட்டினால் ஆடுகளுக்கு நோய் வரும். ஊசி போடப் போகவேண்டிய அந்த நேரத்தில்தான் கரிசல் பாதையில் ஜீப்பும் போகாது, ஸ்கூட்டரும் போகாது. சைக்கிள் என்றால் சிக்கினாலும் தோளில் தூக்கிக்கொள்ளலாம். பெங்களூரில் மலையேறி ஓட்டிய தம்பியிடமிருந்து அதை வாங்கி வந்திருந்தார். போன மழையில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் அமுங்கி, டயரில் அப்பியிருந்த சேறு சட்டத்தில் சிக்கி, பின்சக்கரம் திடீரென்று பிடித்து நின்று அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. அடுத்த மழைக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று அவர் போகமுடியாது, அல்லது போய் விழுவார்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். பயந்த சுபாவம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "ஏங்க, நீங்க இழுக்க இழுப்புலதான் அந்தப் பூட்டு ஒருநா கழண்டு விழப் போவுது" என்பாள் என் மனைவி. ஆனால் மோட்டார் பைக் ஷாக் எனக்குப் பழக்கம். கால் எட்டாதவர்கள் வந்தால் நீளம் குறைந்த ஷாக்காகப் போட்டுப் பின்பக்கத்தை இறக்கிக் கொடுப்போம். அதே கணக்கில், இரண்டு முனைத் துளைகளுக்கும் நடுவே ஒரு அங்குலம் குட்டையான ஷாக்கை மதுரையிலிருந்து வரவழைத்து மாட்டினேன். சைக்கிள் ஆடு குந்தின மாதிரி உட்கார்ந்துகொண்டது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கொடுப்பதற்கு முன் மனசு கேட்கவில்லை. ஷாக்கில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருந்த காற்றை முழுக்கப் பிடுங்கிவிட்டு, என் எடை எல்லாம் போட்டு அமுக்கினேன். டயர் போய்ச் சட்டத்தில் டங்கென்று இடித்தது. நான் குறைத்தது ஷாக்கின் நீளத்தை; அது உள்ளே போய்வரும் தூரம் அப்படியே இருந்தது. முன்பு சேறு சேர்ந்தால்தான் சக்கரம் பிடிக்கும்; இப்போது தார் ரோட்டிலேயே பிடிக்கும். அவர் இரண்டு தடவை போன் பண்ணினார். இரண்டு தடவையும் "நட்டு வரலம்மா" என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் நாள் நேரில் வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். "போன வருசம் நான் ஆட்டுக் காதுல மாட்டுன நம்பரை மாத்தி, ஒரு கிடாவுக்குச் சினைன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. அந்த ஆட்டுக்காரர் இப்பமும் என்னையப் பாத்தா, 'அம்மா, எங்க கிடா எப்ப குட்டி போடும்'னு கேக்காரு."

மறுநாள் ஒரு வாளி நிறையக் கரிசல் மண்ணோடு வந்தார். தண்ணீர் விட்டு, பூரிக்குப் பிசைவது போலப் பிசைந்தோம். பழைய ஷாக்கைத் திரும்ப மாட்டி, காற்றைப் பிடுங்கி, பின்டயர் முழுக்க இரண்டு விரல் கனத்துக்குச் சேற்றை அப்பினோம். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ரெண்டு பேரும் கடைக்குள்ள வீடு கட்டுதீங்களா?" என்றாள். டாக்டரம்மா சீட்டை மெல்ல மெல்ல அமுக்க, நான் தரையில் படுத்துப் பார்த்தேன். சேறு சட்டத்தைத் தொட்ட இடத்தில் "நிறுத்துங்க!" என்று கத்தினேன். ஊசி போட்ட ஆட்டுக்கு அடையாளம் இடும் நீலச் சாயக்குச்சியால் ஷாக்கின் தண்டில் ஒரு கோடு போட்டார். அளந்து பார்த்தால், உள்ளே போகும் தூரத்தில் அரை அங்குலம் குறைந்தால் போதும். நீளம் பழையபடி, போய்வருவது மட்டும் அரை அங்குலம் குறைவு. ஷாக் அனுப்பிய மதுரைக்காரரிடம் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லி வரவழைத்து மாட்டினேன்.

ஐப்பசியில் மழை ஊற்றியது. "நீங்க வரவேண்டாம்" என்று அவர் சொல்லியும் இருப்புக்கொள்ளாமல் மோட்டார் பைக்கில் பின்னாலேயே போனேன். காட்டுப்பாதையில் ஒரு பர்லாங்கு போவதற்குள் மட்கார்டுக்குள் சேறு இறுகி என் வண்டி நின்றுவிட்டது. அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஓடைப் பள்ளம். பின்சக்கரம் கறுத்துத் தடித்து உருண்டது. பள்ளத்தில் பின்பக்கம் இறங்கியபோது நான் குனிந்து சக்கரத்தையே பார்த்தேன். இறங்கியது, ஏறியது, சக்கரம் சுற்றிக்கொண்டே அக்கரை மேட்டில் ஏறிவிட்டது. நான் சேற்றில் நின்று தனியாகக் கை தட்டினேன்.

மேட்டில் கம்போடு நின்ற ஆட்டுக்காரர் டாக்டரம்மாவிடம் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. "யாரும்மா அவிய, அங்கன நிக்காவ?"

"சைக்கிள் மெக்கானிக் அண்ணாச்சி. வண்டி ஓடுதான்னு பாக்க வந்திருக்காவ."

"அவிய வண்டி ஓடலையே!"

கிடையே சிரித்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தேன். சும்மா விடவில்லை, சாயங்காலம் வரை ஆடுகளின் காலைப் பிடிக்கும் வேலை எனக்கு.

இப்போது அவர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். சைக்கிளும் கூடப் போயிருக்கிறது. அங்கே மழை பெய்தால் இங்கே எனக்குப் போன் வரும். எடுத்ததும், நான் வாய் திறப்பதற்கு முன்னால், "நல்லா ஓடுது அண்ணாச்சி" என்பார். அதற்குப் பிறகுதான் நலம் விசாரிப்பெல்லாம். நான் விடாமல், "ஷாக் நட்டை இழுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்பேன். "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிடும், பார்க்கவில்லை என்று. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு ஒரு கரண்டி கூடவே இறங்கும்.